ஆறாம் நம்பர் அறையில் வரைந்த படம்

போன மாதம் எங்கள் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் ஒருவர் போன் செய்தார். ஓய்வுபெற்றவர்கள் மலருக்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டுமாம். "இப்பல்லாம் சி ஃபாரம் கம்ப்யூட்டர்லயே வந்துடுது சார். நீங்க லாட்ஜ் லாட்ஜா அலைஞ்சு வாங்கின கதையை எழுதுங்க" என்றார். சரி என்று போனை வைத்த பிறகு, இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்டார், யார் சொல்லிக் கேட்டார் என்று அரை மணி நேரம் யோசித்தேன். என் மனைவி சிரித்துவிட்டாள். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் புத்தி என்னை விடவில்லை.

சந்தேகப்படுவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. காவலராகச் சேர்ந்து பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, திருப்போரூர்க் கிருத்திகைக் கூட்டம் என்று பத்து வருஷம் ஓடியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏட்டாகி, வெளிநாட்டவரைக் கவனிக்கும் வேலைக்கு வந்தேன். அலுவலகம் செங்கல்பட்டில். என் எல்லை மாமல்லபுரம் கடற்கரை, தெற்கே சதுரங்கப்பட்டினம் வரை. அந்தத் தெற்கு முனையில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து தங்கினால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும். பெயர், பாஸ்போர்ட் எண், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்ற விவரங்கள். அதுதான் சி ஃபாரம். தினமும் காலையில் மொபெட்டில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் அவற்றை வாங்கி வருவேன். படிவம் வாங்குவது பாதி வேலை. மீதிப் பாதி, வாங்கும்போது சுற்றிலும் பார்ப்பது. எந்த அறைச் சன்னல் மூடியிருக்கிறது, யார் யாரோடு டீ குடிக்கிறார்கள், என்னைக் கண்டதும் யார் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் என் கணக்கில் சேரும்.

இஸ்ரேல்காரர்கள் எங்கள் ஊருக்குக் கூட்டமாக வரத் தொடங்கியது தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகுதான். அந்த வருஷம்தான் அந்த நாட்டோடு நமக்குத் தூதரக உறவு ஏற்பட்டது. வந்தவர்கள் பெரும்பாலும் ராணுவத்தில் கட்டாயச் சேவையை முடித்த கையோடு புறப்பட்ட பிள்ளைகள். இருபத்திரண்டு வயதில் தோளில் மூட்டை. கண்ணில் மட்டும் என்னைவிட அதிக சந்தேகம். பாலஸ்தீன மாணவர்கள் அதற்கு முன்பிருந்தே நம் நாட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் என் எல்லைக்குள் வந்தபோது எனக்குத் தூக்கம் குறைந்தது.

இஸ்ரேல்காரர்கள் அதிகம் தங்கியது ஜமால் பாயின் லாட்ஜில். கடற்கரைக்குப் போகும் சந்தில் ஒன்பது அறைகள். பாய் புதுப்பட்டினத்துக்காரர், கெட்டிக்காரர். தக்காளிக் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைக்கும் அவர்கள் ஊர் நாஸ்தாவைக்கூடக் கற்றுக்கொண்டு விட்டார். தொண்ணூற்று மூன்றில் இரண்டு தரப்புத் தலைவர்களும் அமெரிக்காவில் கைகுலுக்கிய படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். "அவ்ளோதான் ஏட்டய்யா, சண்டை முடிஞ்சிச்சி. இனிமே நீங்க எங்க வூட்டாண்ட மோப்பம் புடிக்கிற வேலை கீது பாருங்க, அதுவும் முடிஞ்சிச்சி" என்றார். நான் அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தேன். கை கொடுப்பவர்களில் ஒருவர் முகம் கடுகடுவென்று இருந்தது. இது நிலைக்காது என்று அன்றே எனக்குப் பட்டது. ஆனால் யாரும் கேட்கவில்லை.

நிலைக்கவும் இல்லை. அங்கே பஸ்ஸில் குண்டு வெடித்த ஒரு நாள், மாமல்லபுரம் டெலிபோன் பூத்தில் ஒரு இஸ்ரேல் பெண் வீட்டுக்கு லைன் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். நான் மணி பார்த்து, நோட்டில் நேரம் போட்டு, "அழுதார்" என்று எழுதினேன். என் அன்றைய நிலைமை அப்படி.

என் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டர் தேவசகாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு அவர் வந்த முதல் நாள் என் நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கத்துக்குத் தலைப்பு 'பார்த்தது', வலப்பக்கத்துக்கு 'நினைத்தது'. "வலது பக்கம் நீ என்ன வேணும்னாலும் எழுது ஏட்டு. மாமியாரைப் பத்திக்கூட எழுது. ஆனா ரிப்போர்ட்டுக்கு இடது பக்கம் மட்டும்தான் போவணும்" என்றார்.

அறிக்கையை அவர் படிக்கும் விதமே தனி. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை நகர்த்திக்கொண்டே வருவார். திடீரென்று ஸ்கேல் நின்றுவிடும். "இது பார்த்ததா, நினைச்சதா?" என்பார். 'பதற்றத்துடன் நடந்தார்' என்று எழுதியிருப்பேன். "பதற்றத்தை எங்க பார்த்தே? கையிலயா, காலுலயா?" என்பார். 'வேகமாக நடந்தார்' என்று திருத்தி எழுதிக் கொடுத்தால்தான் ஸ்கேல் அடுத்த வரிக்கு நகரும். எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும். இந்த ஆளுக்கு உண்மையிலேயே நாட்டுப்பற்று உண்டா என்றுகூடச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அதையும் வலப்பக்கத்தில் எழுதிவைத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அங்கே மறுபடி கலவரம் மூண்டது. அந்தச் சமயத்தில்தான் நபீல் என் கண்ணில் பட்டான். காஸாவைச் சேர்ந்தவன், செங்கல்பட்டை அடுத்த ஒரு கல்லூரியில் மருந்தியல் கடைசி வருஷம். எகிப்து கொடுத்த பயண ஆவணத்தில் வந்திருந்தான். வருஷா வருஷம் எங்களிடம் வந்து தங்கும் அனுமதியை நீட்டித்துக்கொள்வான். ஊருக்குப் போய் நாலு வருஷமாகிவிட்டது. போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று பயம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கற்றுக்கொண்ட தமிழ் அவனுடையது. எங்கள் எஸ்.ஐ.யைப் பார்த்து ஒருமுறை "இன்னா அண்ணாத்த, கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அவன் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி மாமல்லபுரம் வந்தான். போனது ஜமால் பாயின் லாட்ஜுக்கு. உட்கார்ந்தது ஆறாம் நம்பர் அறை வாசலில். அந்த அறையில் தங்கியிருந்தது ரோனென் என்ற இஸ்ரேல் இளைஞன், ராணுவத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்கும்போது இங்கே இருவரும் ஒரே பெஞ்சில் டீ குடிக்கிறார்கள். நீங்களாக இருந்தால் சும்மா இருந்திருப்பீர்களா?

பாயிடம் கேட்டேன். "இன்னா பேசுவாங்கோ, ஊரப் பத்திதான் பேசிக்கினு கீறாங்க. சண்ட அங்க ஏட்டய்யா, இங்க இன்னாத்துக்கு?" என்றார். நான் கேட்டதற்கு அவர் கொஞ்சம் சீக்கிரமாகவே பதில் சொன்னதாக எனக்குப் பட்டது.

மூன்றாவது சனிக்கிழமை, பதிவேட்டைச் சரிபார்க்கும் சாக்கில் அவர்கள் மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். மேசைமேல் பெரிய தாளில் பென்சில் வரைபடம். ஒரு நிமிஷத்துக்குள் ரோனென் அதன்மேல் டீத் தட்டை நகர்த்தி மறைத்துவிட்டான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதும். வலப்பக்கம் அலை அலையாகக் கடல். கடலை ஒட்டித் தெற்கு வடக்காகச் சாலை. சாலையில் குறுக்குக் கட்டை போட்ட சோதனைச் சாவடி. ஒரு தண்ணீர்த் தொட்டி. வரிசையாகக் குடியிருப்புகள்; சிலவற்றின் கூரைமேல் பெருக்கல் குறி. எழுத்தெல்லாம் கிறுக்கலாக, எனக்குப் புரியாத எழுத்து.

கிழக்கே கடல், கடலோரச் சாலை, சோதனைச் சாவடி, தொட்டி, குவார்ட்டர்ஸ். என் எல்லையில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. கல்பாக்கம்.  நோட்டைத் திறந்து 'கல்பாக்கம் பகுதியின் வரைபடம்' என்று எழுதினேன். இடப்பக்கத்தில் எழுதினேன்.

தேவசகாயம் அப்போது தாயார் இறந்து ஊருக்குப் போயிருந்தார். பொறுப்பில் இருந்த எஸ்.ஐ. என் அறிக்கையை ஒரே மூச்சில் படித்துக் கையெழுத்துப் போட்டு அன்றே மேலே அனுப்பினார். நாலாம் நாள் உத்தரவுகள் வந்தன. படத்தைக் கைப்பற்றி உறையிலிட்டு சீல் வைத்தோம். ரோனெனை விசாரித்து அனுப்பிவிட்டோம். அவன் அடுத்த நாள் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினான். நபீலுக்கு மட்டும் அனுமதி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அதுவரை தினமும் காலை எட்டரை மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தின் நகல் கல்லூரிக்கும் போனது. கடைசிப் பரீட்சைக்கு அப்போது இருபது நாள் இருந்தது.

முதல் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேசை முன்னால் நின்றான். "சார், எங்க போறது நான்? பார்டரு மூடிக்கீது. எகிப்துக்காரன் உள்ள வுட மாட்டான். டிகிரி இல்லாம வேற எந்த ஊர்லயும் சேத்துக்க மாட்டான். பரீட்சை மட்டும் எழுதிக்கிறேன் சார், அப்பால போயிடறேன்."

"படம் யாருக்கு வரைஞ்சது?" என்றேன்.

"எனுக்கு. அது எங்க தெரு சார். ரோனென் அங்க டூட்டி பாத்தவன். எங்க பக்கத்து வூட்டு மாடில ரெண்டு மாசம் நின்னுகினு இருந்தானாம். எந்த வூடு கீது, எந்த வூடு இடிச்சிட்டாங்கன்னு கேட்டேன். வரைஞ்சி காமிச்சான். இடிச்ச வூட்டு மேல பெருக்கல் போட்டான், பேரெல்லாம் நான் எழுதினேன்."

சொந்த வீட்டின் படத்தை எதிரியிடம் கேட்டு வாங்குவானா ஒருவன்? அப்படியே கேட்டாலும் அந்த எதிரி வரைந்து கொடுப்பானா? 'நம்பத் தகுந்ததாக இல்லை' என்று நோட்டில் எழுதினேன்.

பத்தாம் நாள் தேவசகாயம் மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பினார். என் அறிக்கையை எடுத்து ஸ்கேலை வைத்தார். மூன்றாவது வரியில் ஸ்கேல் நின்றது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சீலை உடைத்துப் படத்தை வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜமால் பாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பாய் வெலவெலத்துப்போய் வந்தார். "உக்காருங்க பாய். இந்த அரபு எழுத்து தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அர்த்தம் முழுசா தெரியாது சார். ஓத மட்டும் தெரியும். சின்ன வயசுல மதரஸால கத்துக்கினதுதான்" என்றபடி பாய் படத்தைக் கையில் வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், தாளைத் தலைகீழாகத் திருப்பியது. நான் சிவப்பு மையால் 'கிழக்கு' என்று குறித்திருந்த கடல் இடப்பக்கம் போய்விட்டது. "இத்த இப்படித்தான் புடிக்கணும். இது கடலு. இது மதரஸா, பள்ளிக்கூடம். இது பைத்து, வூடு. பின்னால ஒரு எழுத்து சேத்துக்கீது... 'என் வூடு' சார்."

 எனக்கு முகம் சுட்டது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். எது மேல், எது கீழ் என்று தெரியாத எழுத்தை வைத்துக்கொண்டு கடலைக் கிழக்கே தள்ளிவிட்டேன். அப்போதும் மனசு அடங்கவில்லை. "பாய் அவங்களுக்கு வேண்டியவர் சார். மாத்திச் சொல்லலாம்" என்றேன், பாயை வைத்துக்கொண்டே. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. பத்து வருஷமாக எனக்கு டீ கொடுத்தவர்.

இன்ஸ்பெக்டர் படத்தை மறுபடி உறையில் போட்டார். மறுநாள் கையெழுத்துக்கு வந்த நபீலிடம், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "உங்க ஊர்ல காலைல சூரியன் கடல்லேருந்துதானே வரும்?" என்று கேட்டார்.

"இல்ல சார். எங்க ஊர்ல கடல்லதான் மறையும். இங்க வந்த புதுசுல எனுக்கு எல்லாமே உல்ட்டாவா இருந்துச்சி" என்றான்.

அவன் போனதும் தேவசகாயம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "பாண்டிச்சேரில அந்த ரோனெனைப் பிடிச்சுக் கேட்டாச்சு. வாயால எல்லாம் சொல்றான், கையெழுத்து மட்டும் போட மாட்டேங்கான். எங்க ராணுவத்து ஆளுங்க நின்ன இடத்தையெல்லாம் எதிரிக்கு வரைஞ்சு குடுத்தேன்னு என்னை ஊர்ல உள்ள தள்ளிடுவாங்கன்னு பயப்படுதான். நியாயந்தானே. நான் ஊர்ல இல்லாதவன், நான் எழுதினா மேல எடுபடாது. பார்த்தவன் நீ. தப்பாப் பார்த்தேன்னு நீதான் எழுதணும் ஏட்டு" என்றார்.

எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருஷம் என் பெயர் இருந்தது. அது அவருக்கும் தெரியும், ஆனாலும் வற்புறுத்தவில்லை. தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் பீரோவில் வைத்தேன். எட்டு நாள் வைத்திருந்தேன். பதவிக்காக மட்டும்தான் தயங்கினேன் என்றால் அது பொய். பாய் பொய் சொல்லியிருக்கலாம். பையன் பாடம் பண்ணி ஒப்பித்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்? நான் சொன்னதே சரியாக இருந்து, நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால்? இப்படியே எட்டு நாளும் போயின. நபீல் தினமும் வந்து கையெழுத்துப் போட்டான். பேசுவதை நிறுத்திவிட்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் காலை அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். பையில் ஹால் டிக்கெட் தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். "பரீட்சை இன்னைக்கா?" என்று கேட்டேன். தலையசைத்தான். "பத்து மணிக்கு சார். உள்ள வுட மாட்டாங்க. உங்க லெட்டர் வந்துச்சாம்."  சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பத்து மணி ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. பத்தரைக்கு மேல் எந்தக் கல்லூரியிலும் பரீட்சைக்கு உள்ளே விடமாட்டார்கள். பத்தரை ஆனதும் ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

வீட்டுப் பீரோவில் இருந்த தாளுக்காக நான் காத்திருக்கவில்லை. அங்கேயே வேறொரு தாள் எடுத்து எழுதினேன். 'எதிர்ப்பக்கமிருந்து, எழுத்து தெரியாமல், ஒரு நிமிடமே பார்த்தேன். கல்பாக்கம் என்பது நான் நினைத்தது, பார்த்தது அல்ல.' தேவசகாயம் ஸ்கேல் வைத்துப் படித்தார். ஸ்கேல் எங்கும் நிற்கவில்லை. அவரே சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வெளியேற்ற உத்தரவை உடனே நிறுத்திவைத்தார்கள்; அது ரத்தாகி வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம். ஹாஸ்டலில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஆறாம் நம்பர் அறையைப் பாய் அவனுக்குக் கொடுத்தார். அவனுக்கான சி ஃபாரத்தைத் தன் கையாலேயே நிரப்பி, என்னைப் பார்க்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப்போயிற்று. அதில் எனக்குக் குறையில்லை.

நபீல் தேறினான். நல்ல மதிப்பெண் என்று கேள்வி. வளைகுடாவில் ஒரு மருந்துக்கடையில் வேலையும் கிடைத்து, நாட்டை விட்டுப் போகும் அனுமதிக்காக அலுவலகத்துக்கு வந்தான். தேவசகாயம் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். நான்தான் தாள்களைச் சரிபார்த்து முத்திரை போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பிறகும் நின்றான்.

"சார், அந்தப் படம் உங்க ஃபைல்ல கீது இல்ல? அது எனுக்கு வேணும் சார். ஒரு ஜெராக்ஸ் குடுத்தாகூட போதும்."

"எதுக்கு?"

"போன மாசம் எங்க தெருவ முழுசா இடிச்சிட்டாங்க. அம்மாவும் தங்கச்சியும் பள்ளிக்கூடத்துல தங்கிகினு கீறாங்க. எங்க வூட்டு போட்டோ ஒண்ணுகூட இல்ல சார். எல்லாம் இடிபாட்டுக்குள்ள போயிடுச்சி. அந்தப் படத்துலதான் எங்க வூடு கீது."

ஜெராக்ஸ் கடை எதிர்வாடையில் இருந்தது. ரெண்டு நிமிஷ வேலை. நான் கோப்பை எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கோப்பில் உள்ள ஆவணத்தை வெளியே தரக்கூடாது என்று விதி இருப்பதாகச் சொன்னேன். விதி இருந்தது உண்மைதான். ஆனால் என்னைத் தடுத்தது விதி இல்லை. அந்தப் படத்தை இவன் உண்மையில் எதற்குக் கேட்கிறான் என்று மனசின் ஒரு மூலை அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. "இன்னும் என்னெ சந்தேகப்படறீங்களா சார்?" என்றான். இல்லை என்றேன். "சரி சார், வரேன்" என்று கைகொடுத்தான். கொடுத்தேன்.

அவன் போனதும் தாள் எடுத்தேன். 'மேற்படி நபர் புறப்படும் முன் வரைபடத்தின் நகலைக் கேட்டார். விமான நிலையத்தில் உடைமைகளைச் சோதிப்பது நலம்' என்று எழுதி, அன்றைய தபாலிலேயே மேலே அனுப்பினேன்.

அது போய்ச் சேர்வதற்குள் அவன் விமானம் ஏறிவிட்டான் என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்குத் தபால்காரர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், என் வேலைக் காலம் முழுவதிலும் நான் அனுப்பியவற்றில் நேரத்துக்குப் போகாததற்காக நான் சந்தோஷப்படும் கடிதம் அது ஒன்றுதான்.